செவ்வாய்க்கிழமை சுட்ட கச்சாயம்

கண்ணு,

நீ போனை எடுக்காததில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. எடுத்திருந்தால் நான் எப்படிப் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியும். முதல் இரண்டு வாக்கியம் நல்லபடியாக வரும். மூன்றாவதில் குரல் ஏறிவிடும். லேத் பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே முற்றிப்போன தொண்டை இது. சும்மா "சாப்பிட்டயா" என்று கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் சண்டையோ என்று எட்டிப் பார்க்கிறார். காகிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் நீ மடித்து வைத்துவிட்டு அப்புறம் படித்துக்கொள்ளலாம். அதனால்தான் எழுதுகிறேன். மூட்டு வலிக்கிறது, கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தாயிற்று, மனசு அதைவிடச் சலித்துக் கிடக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள். படித்த பிறகு வேணியிடம் கொடு. படிக்க மாட்டேன் என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதே. கடைசிப் பக்கத்தை மட்டுமாவது நீ வாசித்துக் காட்டு.

ஆனி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். நீ மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய், உனக்கு அது முழுசாகத் தெரிந்திருக்காது. நீங்கள் இரண்டு பேரும் லீவு போட்டு ஓசூரிலிருந்து வந்திருந்தீர்கள். உன் அம்மா போய் ஒரு வருஷம் முடிந்து, திதியும் கொடுத்தாயிற்று. நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கேட்டிலேயே வாசம் அடித்தது. வெல்லமும் ஏலக்காயும் எண்ணெயில் வேகிற வாசம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர நம் வீட்டில் அடிக்காத வாசம். உள்ளே போனால் அடுப்பில் உன் அம்மாவின் இரும்புச் சட்டி, அதற்கு முன்னால் வேணி, பக்கத்தில் போசி நிறையக் கச்சாயம். "இன்னைக்கு என்ன நோம்பி?" என்று கேட்டேன். அவள் ஊர்ப் பக்கம் பண்டிகை என்பார்கள், நமக்குத்தான் எல்லாமே நோம்பி. அவள் சிரித்தாள். "நோம்பியெல்லாம் இல்ல மாமா. ஒரு விசயம் சொல்லணும். இனிப்போட சொல்லலாமேன்னு…" என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை.

"என்ன விசயமா இருந்தாலும் சரி அம்மணி, நோம்பி இல்லாத நாள்ல கச்சாயத்துக்குச் சட்டி வெச்சா இந்த ஊட்டுக்கு ஆகாது. உங்க அத்தை இருந்த வரைக்கும் ஒரு நாள் வெச்சதில்ல. ஆகாததைச் செஞ்சுபோட்டு விசயம் வேற சொல்றயா?" இதுதான் நான் பேசிய பேச்சு. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. பேசியதோடு விட்டேனா? போசியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டினேன். வேணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நீ ஈரக் கையோடு இறங்கி வந்து என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கிளம்பலாம்" என்றாள். சாயங்காலமே பஸ் ஏறிவிட்டீர்கள். அந்த விசயம் என்ன என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வாரம்தான் தெரிந்தது. பேரனோ பேத்தியோ வரப்போகிறது என்கிற சேதி. பெற்றவன் மூன்று மாதம் கழித்து, அதுவும் அடுத்தவர் வாயால் கேட்கிறேன். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. வயிற்றில் இருக்கிற அந்த உயிருக்கு முன்னால் நின்று, ஆகாது என்று நான் சொல்லியிருக்கிறேன். 

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கச்சாயம் ஏனுங்கப்பா நோம்பிக்கு மட்டும்?" ரேஷனில் அரிசி கிடைக்கிறது, கடையில் வெல்லம் கிடைக்கிறது, வீட்டில் சட்டி இருக்கிறது, அப்புறம் என்ன என்பது உன் கட்சி. நல்ல கேள்விதான். நான் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பதில் சொன்னேன். சாமிக்குப் படைத்த பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும் என்றேன். தினமும் தின்றால் பல் போய்விடும் என்றேன். பட்டறையில் என்னோடு வேலை பார்த்த மோல்டிங் பாய் சொன்னதையும் உனக்குச் சொன்னேன். அவர் ஒரு தரம் வீட்டில் ஆசைப்பட்டு, ரம்ஜான் மாசம் இல்லாத நாளில் நோன்புக் கஞ்சி காய்ச்சச் சொல்லியிருக்கிறார். அதே அரிசி, அதே கறி, அதே பட்டை கிராம்பு. "குடிச்சுப் பார்த்தேனுங்க, வெறுங் கஞ்சியாத்தான் இருக்குது. பகலெல்லாம் காஞ்ச வயித்துக்குத்தானுங்க அந்த ருசி" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையே உனக்கும் சொல்லி, காத்திருந்து தின்பதுதான் ருசி என்று பெரிய மனுசன் மாதிரி முடித்துவைத்தேன். ஆனால் அதெல்லாம் உண்மையான பதில் இல்லை. அது எனக்கே போன வாரம்தான் கிடைத்தது.

நீ அந்தக் கேள்வி கேட்பதற்கு முன்பு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது உனக்கு நான்கு வயசு. கோவை கணபதியில் இந்த வீட்டுக்கு அப்போதுதான் வந்தோம். கேஸ் இணைப்பு கிடைத்திருந்தது. நான் வேலை பார்த்த பட்டறையில் கிரைண்டருக்கு வேண்டிய சாமான் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், அதில் ஒரு கிரைண்டரை நானே பூட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் கையால் கடைந்த தண்டு அதில் ஓடுகிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மிஷின்காரன் புத்தி எப்படிப் போகும் தெரியுமா? ஆட்டுக்கல்லும் விறகடுப்பும் இருந்த காலத்தில்தான் கச்சாயத்தை வருஷத்தில் இரண்டு நாளைக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள், இப்போது கல் தானாகச் சுற்றுகிறது, அடுப்பு தானாக எரிகிறது, அப்புறம் எதற்குத் தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டும்? வாராவாரம் நோம்பி கொண்டாடலாமே? உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் "சரிங்க" என்றாள். அவள் எதற்குத்தான் சரிங்க சொல்லவில்லை?

கச்சாயம் சுடுவது எப்படி என்று நீ பார்த்திருப்பாய், கவனித்திருக்க மாட்டாய். நானும் கவனித்ததில்லை. பச்சரிசியை ஊறவைத்து, ஆட்டி, வெல்லம் சேர்த்து, பதம் பார்த்து வைப்பது ஒரு பாடு. அது மிஷினோடு முடிகிற வேலை. சுடுவது அப்படி இல்லை. ஒரு கரண்டி மாவு ஊற்றினால் அது அடியில் போய் உட்கார்ந்து, தானாக மேலே வந்து, உப்பி, திருப்பிப் போட்டு, சிவந்து, எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி வடித்து, அப்புறம்தான் அடுத்த கரண்டி. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் வேகும். இரண்டு ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, பட்டறைக்கு என்று ஒரு போசி நிறைய வேண்டுமென்றால் அவள் அங்கேயே நின்றாக வேண்டும். அவசரப்படுத்த வழியே இல்லை.

உன் அம்மா அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். திங்களிலிருந்து சனி வரைக்கும் காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினால் இருட்டு விழும்போது வருவாள். விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பி அறுத்த கோடு. அவளுக்கென்று வாரத்தில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளில் நான் அவளை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஞாயிறு மத்தியானமானால் என் சினேகிதர்கள் யாராவது வருவார்கள், "ஊட்ல கச்சாயமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவார்கள். நான் கிரைண்டரைக் காட்டிப் பெருமை பேசுவேன். அவள் உள்ளே நிற்பாள். ஒரு ஞாயிறு அவள் வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இன்னைக்கு முடியலீங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிரைண்டர்தானே ஆட்டுது, நீ என்ன பண்றே?" வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உள்ளே போய்ச் சட்டியை வைத்தாள்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு அவள் கச்சாயம் சுட்டுத் தட்டில் வைத்தபோது நீ தட்டைத் தள்ளிவிட்டு, "மறுபடியும் கச்சாயமா?" என்று அழுதாய். கடை மிக்சர் வேண்டும் என்று அடம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, மத்தாப்பு கையில் வைத்துக்கொண்டு, கச்சாயம் வேண்டாமென்று அழுத முதல் பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நீயாகத்தான் இருப்பாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளி போன மறு ஞாயிறும் சட்டி வைத்தாள். திங்கட்கிழமை பட்டறையில் என் இடது கை மோதிர விரல் நுனி லேத்தில் மாட்டிக்கொண்டது. பெரிய காயம் இல்லை, நகம் போயிற்று, மூன்று தையல். தப்பு என்னுடையதுதான், கையுறை போட்டுக்கொண்டு ஓடுகிற மிஷினைத் தொடக்கூடாது என்று சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நானே தொட்டேன். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உன் அம்மா பதறி எல்லாம் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க. எங்கூட்டுப் பக்கம் ஒரு சாங்கியம் இருக்குதுங்க. நோம்பி இல்லாத நாள்ல கச்சாயத்துக்குச் சட்டி வெச்சா ஊட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. நான் சொன்னா நீங்க திட்டுவீங்கன்னுட்டு இத்தன நாளா சொல்லாம உட்டுப்போட்டேன். இப்பப் பாருங்க" என்று என் கட்டுப் போட்ட விரலைக் காட்டினாள். நான் ராகுகாலம் எமகண்டம் பார்க்காதவன். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுவிட்டுப் போகிறவன். ஆனால் விரல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. "அப்பிடின்னா முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். அதோடு ஞாயிற்றுக்கிழமைக் கச்சாயம் நின்றது. அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. நீ கேள்வி கேட்டபோதெல்லாம் நான் சாமி, பல், பாய் என்று சுற்றி வளைத்ததற்குக் காரணம் இதுதான். ஒரு சாங்கியத்துக்குப் பயந்தவன் என்று மகனிடம் சொல்ல வெட்கம்.

போன வாரம் உடுமலைப்பேட்டைக்கு உன் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். உன் அம்மாவின் அக்கா, இப்போது அந்தப் பக்கத்தில் நமக்கு மிச்சம் இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மருமகளுக்கு வளைகாப்பு எப்ப வெக்கறீங்க? ஏழாம் மாசம் வருதுங்களே" என்று கேட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.  எனக்குத் தெரியாது என்பதை அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அப்புறம் செவ்வாய்க்கிழமை நடந்ததை நானே சொன்னேன். ஒளிக்கவில்லை. கொட்டினதையும் சொன்னேன். உன் பெரியம்மா முதலில் சிரித்தார், கண்ணு. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்பிடி ஒரு சாங்கியமும் இல்லீங்க" என்றார். "எங்கூட்ல நெனச்சா நெனச்ச நேரம் சுடுவாங்க. மழை பேஞ்சாச் சுடுவாங்க, மாமன் வந்தாச் சுடுவாங்க. அவ சொன்ன பொய்யிங்க அது. ஒரு நாள் இங்க வந்து அழுதுட்டுச் சொன்னா. அக்கா, ஞாயித்துக்கிழமை ஒரு நாளாச்சும் சித்தெ நேரம் காலை நீட்டி உக்காரோணும்னு இருக்குது, முடியலேன்னு சொன்னா அவரு சிரிக்கறாரு, அதனால சாங்கியம்னு ஒண்ணச் சொல்லிப்போட்டேன், உங்ககிட்ட அவரு கேட்டா ஆமான்னு சொல்லிப்போடுங்கன்னா. நீங்க கேக்கவே இல்ல. நானும் மறந்தே போயிட்டேன்."

எனக்கு முதலில் உன் அம்மா மேல்தான் கோபம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பொய்யை அப்படியே வைத்து, என்னைத் தீபாவளிக்குத் தீபாவளி நாக்கைத் தொங்கப் போட்டுக் காத்திருக்க வைத்திருக்கிறாள். நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்த உடனே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நேராகத்தான் சொன்னாள். நான் கிரைண்டரைக் காட்டினேன். முடியவில்லை என்று சொன்ன பெண்டாட்டியை நம்பாதவன், ஆகாது என்று சொன்ன சாங்கியத்தை உடனே நம்பினேன். அவள் புத்திசாலி. எந்தச் சாவிக்கு இந்தப் பூட்டுத் திறக்கும் என்று தெரிந்துவைத்திருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இப்படிச் சோர்ந்திருக்க மாட்டேன். கிளம்பும்போது உன் பெரியம்மா இன்னொன்று சொன்னார். "அந்தப் புள்ளைக்கு இது தெரியுமுங்க. உங்க மருமகளுக்கு." கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது அவளும் உன் அம்மாவுமாகச் சேர்ந்து சுட்டார்களே, அப்போது வேணி, "ருசியா இருக்கே அத்தை, மாசம் ஒருக்கா செய்யலாமே" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா சிரித்து, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, "நீ எப்ப வேணும்னாலும் சுட்டுக்க கண்ணு. ஆனா மாமாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதே, மனசு ஒடைஞ்சுபோவாரு" என்றாளாம். உன் பெரியம்மாவுக்கு இதை வேணியே ஒரு நாள் போனில் சொல்லியிருக்கிறாள், உனக்குக்கூடச் சொல்லவில்லையாம். யோசித்துப் பார் கண்ணு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வாயைத் திறந்து மூடினாளே, அது பயம் இல்லை. "அத்தை சொன்னது பொய் மாமா" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம். செத்துப்போனவளுடைய ரகசியத்தைக் காப்பாற்ற, வயிற்றுப் பிள்ளையோடு நின்று என் பேச்சைக் கேட்டுக்கொண்டாள். அத்தைக்குக் கொடுத்த வாக்குக்காக. என் மனசு உடையக்கூடாது என்று. நான் அவள் சுட்டதை மரத்தடியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வயசில் அப்பன் மகனுக்குக் கடிதம் எழுதினால் புத்திமதி இல்லாமல் முடியாது, நீயும் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் படிப்பாய். என்னிடம் அதிகம் இல்லை. சில பலகாரங்களை நோம்பிக்கு மட்டும் என்று ஏன் வைத்தார்கள் என்று கேட்டாயே, அதற்கு ஊரெல்லாம் என்ன பதில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அரிசி கிடைக்காத காலத்துப் பழக்கமாக இருக்கலாம், சாமியாக இருக்கலாம், பாய் சொன்ன பசியாகவும் இருக்கலாம். நம் வீட்டில் அதற்கு ஒரே காரணம், உன் அம்மாவுக்குக் கால் வலித்தது. வேறு எந்த மொழியில் சொன்னாலும் நமக்கு ஏறவில்லை என்பதால் அவள் அதைச் சாங்கியமாகச் சொன்னாள். உன் வீட்டில் வேணி "ஆகாது", "கூடாது" என்று எதையாவது சொன்னால், உடனே பஞ்சாங்கத்தைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். முடியவில்லை என்று சொன்னால் சிரிக்காதே. வீட்டில் எத்தனை மிஷின் வாங்கிப் போட்டாலும் அதற்கு முன்னால் யாரோ ஒருவர் நிற்கிறார் என்பதை மறக்காதே. மிஷினே வாழ்க்கையாக இருந்த நான் அதை மறந்தேன்.

இன்று புதன்கிழமை. அமாவாசை இல்லை, கிருத்திகை இல்லை, தீபாவளிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. நேற்றே அரிசி ஊறவைத்து ஆட்டி, வெல்லம் போட்டு மாவை எடுத்து வைத்தேன். காலையில் குளித்துவிட்டு, உன் அம்மாவின் சட்டியை நானே எடுத்து அடுப்பில் வைத்தேன். பதம் உன் பெரியம்மா போனில் சொன்னார். ஆனாலும் முதலில் ஊற்றியது அப்படியே கரைந்து எண்ணெயெல்லாம் பரவிப் போயிற்று. கொஞ்சம் மாவு சேர்த்தேன், அடுத்தது கல்லாக வந்தது. நான்காவதோ ஐந்தாவதோ மேலே எழும்பி உப்பியபோது, சிரிக்காதே, நான் கை தட்டினேன். கேட்க ஆள் இல்லாத வீட்டில் ஒரு கிழவன் கச்சாயத்துக்குக் கை தட்டினான். அப்புறம் ஒவ்வொன்றாக ஊற்றினேன். காலையில் ஆரம்பித்தது, முடியும்போது மணி ஒன்றரை. முழங்கால் நடுங்குகிறது, மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எண்ணெய் தெறித்து உப்பியிருக்கிறது, சட்டை, மீசை எல்லாம் எண்ணெய் நெடி. போசி நிறைந்தது. அதில் நல்லதாகத் தேறினது பாதி.

சரி, ஒன்றைத் தின்று பார்க்கலாம் என்று எடுத்து வாயில் வைத்தேன். இறங்கவில்லை, கண்ணு. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை நேரம் அந்த ஆவியைக் குடித்த வயிறு வேண்டாம் என்றது. தொண்டை வரைக்கும் எண்ணெய். பேசாமல் வைத்துவிட்டு, நேற்று வைத்த ரசத்தைச் சுடவைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் எதைச் சாப்பிட்டாள்? நாம் எல்லோரும் பலகாரத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அவள் சமையலறையில் ரசம் சோறு சாப்பிட்டாள். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். "உங்கம்மாளுக்கு இனிப்பே ஆகாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேலி வேறு செய்திருக்கிறேன். மறு நாளோ அதற்கு மறு நாளோ, மிஞ்சிய கச்சாயத்தில் ஒன்றை எடுத்து, நின்றபடியே அவள் தின்றதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நான் அழுதேன். அவள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

சனிக்கிழமை காந்திபுரத்தில் காலை முதல் பஸ் ஏறி ஓசூர் வருகிறேன். வரலாமா என்று கேட்கிறேன், வருகிறேன் என்று உத்தரவு போடவில்லை. வேண்டாம் என்றால், இந்தக் கடிதம் கூரியரில் கிடைத்ததும் போனில் அதை ஒரு வரி எழுதி அனுப்பு, போசியை பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். தேறின பாதியை மட்டும்தான். இந்தத் தீபாவளிக்கு நீங்கள் இங்கே வந்தால் சட்டிக்கு முன்னால் நானும் நீயும் நிற்போம். வேணி காலை நீட்டி உட்காரட்டும். இனி வருவதை நீ அவளிடம் வாசித்துக் காட்டு.

வேணி, அத்தை சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் காப்பாற்றிய ரகசியம் இனி உங்களுக்குப் பாரமாக இருக்க வேண்டாம். என் மனசு உடையத்தான் செய்தது, ஆனால் அது உங்களால் இல்லை. அன்றைக்குக் கொட்டியதை அள்ள முடியாது, சொன்ன சொல்லையும் திரும்ப வாங்க முடியாது. ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். அந்த விசயம் எனக்குத் தெரியும் என்று இந்தக் கடிதத்துக்கு வெளியே நான் இன்னும் யாரிடமும் பேசவில்லை. எனக்கு அது இன்னும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை நான் வாசலில் வந்து நிற்கும்போது, நீங்கள் அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தீர்களே, அதை விட்ட இடத்திலிருந்து நீங்களே சொல்லுங்க. இந்தத் தரம் கடைசி வரைக்கும் கேட்டுக்கிறேன். இனிப்பு நான் கொண்டு வாரேன்.

ஆகுமுங்க அம்மணி. நம்ம ஊட்டுக்கு நல்லா ஆகும்.

அப்பா